மேசைக் கணினிக்கு வைஃபை: ஒரு பீரோவுக்குப் பின்னால் ஐந்து ஆண்டுகள்

2020 ஆம் ஆண்டு பொது முடக்கத்தின்போது அலுவலக வேலை வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்றுவரை முழுமையாகத் திரும்பிப் போகவில்லை. மதுரையில் நாங்கள் குடியிருப்பது வாடகை வீடு. ஃபைபர் இணைப்பு முன்னறையில் வந்து இறங்குகிறது, ரௌட்டர் அங்கேயே தொலைக்காட்சிக்கு மேலே இருக்கிறது. என் கணினியோ, கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய ஒரே இடமான பின்னறையில் இருக்கிறது. சுவரில் துளை போடக்கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. தரையோடு தரையாக இருபது மீட்டர் லேன் கேபிளை இழுத்துப் பார்த்தேன். அம்மா இரண்டு முறை அதில் கால் தடுக்கிய பிறகு சுருட்டி வைத்துவிட்டேன். ரௌட்டருக்கும் கணினிக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் இரண்டும், நடுவறையின் கன்னி மூலையில் ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்புப் பீரோ ஒன்றும் நிற்கின்றன. பீரோவை அந்த மூலையிலிருந்து நகர்த்தும் பேச்சுக்கே இடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் செலவுகளில் பாதி அதனால் வந்தவை.

முதலில் வாங்கியது விரல் நகம் அளவுள்ள யு.எஸ்.பி. டாங்கிள், அதாவது யு.எஸ்.பி. துளையில் செருகினால் கணினிக்கு வைஃபை பிடித்துத் தரும் சிறு கருவி. அட்டையில் 150 மெகாபிட் என்று இருந்தது. வேகச் சோதனை 30 முதல் 40 வரை காட்டியது. எங்கள் திட்டமே 100 மெகாபிட்தான் என்பதால் இது போதும் என்று நினைத்தேன். ஆனால் காணொளிக் கூட்டங்களில் என் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது என்று தினமும் யாராவது சொன்னார்கள். வேகச் சோதனை சில விநாடிகளின் சராசரியைத்தான் சொல்கிறது. பேச்சு அறுபடுவதற்கோ அரை விநாடித் தடங்கலே போதும். அதனால் இரண்டு கட்டளைச் சாளரங்களைத் திறந்து, ஒன்றில் ரௌட்டரின் முகவரிக்கும் (எங்கள் வீட்டில் 192.168.1.1) மற்றொன்றில் 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கும் தொடர்ந்து பிங் (பதில் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சிறு சோதனைச் செய்தி) அனுப்பும் பழக்கத்துக்கு வந்தேன். இரண்டும் சேர்ந்து தடுமாறினால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள், வைஃபையில். வெளி முகவரி மட்டும் தடுமாறினால் இணைய நிறுவனத்தை அழைக்கலாம். இந்த ஒரு சோதனை தெரியாமல் இருந்த மூன்று மாதங்களில் வாடிக்கையாளர் சேவையில் யார் யாரிடமோ வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன். ரௌட்டருக்குப் போய்வர 2 அல்லது 3 மில்லிவிநாடி ஆக வேண்டிய இடத்தில் எனக்கு 300, 800 என்று ஏறி, நடுநடுவே பதிலே வராமல் போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி நகல் எடுக்கும் மாலைகளில் இணைப்பு அடியோடு செத்துவிடும். காரணம் தேடியபோது, யு.எஸ்.பி. 3.0 இணைப்புகள் வெளியிடும் இரைச்சல், என் டாங்கிள் பயன்படுத்திய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் மீதே விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012 இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருப்பது தெரியவந்தது. என் டாங்கிள் ஹார்ட் டிஸ்க் செருகிய நீலநிறத் துளைக்கு அடுத்த துளையில், கணினியின் இரும்புப் பெட்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்ததும், சிக்னல் −78 டிபிஎம்மிலிருந்து (சிக்னலின் வலுவைச் சொல்லும் அலகு) −67க்கு ஏறியது. இந்த எண் சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. −70க்குக் கீழே போனால் தொல்லை தொடங்கும் என்பது என் அனுபவம். இந்த ஐந்தாண்டுச் செலவுகளில் காசுக்கு ஏற்ற பலனை மிக அதிகமாகத் தந்தது அந்தக் கேபிள்தான்.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் பிரித்த தடங்கள்) 1, 6, 11 என மூன்றே மூன்று. எங்கள் தெருவில் என் கணினிக்குத் தெரிந்த வைஃபை பெயர்களோ பதினேழு. எனவே 2021 இல் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும், ஆன்டெனா வைத்த பெரிய டாங்கிளுக்கு மாறினேன். அதன் அட்டையில் இருந்த 1200 என்ற எண், 300ஐயும் 867ஐயும் கூட்டி முழுமையாக்கிய கணக்கு. கணினி ஒரு நேரத்தில் ஏதேனும் ஓர் அலைவரிசையில்தான் இணையும் என்பதால், இந்தக் கூட்டல் விற்பவருக்கு மட்டுமே பயன்படுகிறது. வேகம் 90ஐத் தொட்டது உண்மை. ஆனால் மே மாத வெயிலில் டாங்கிள் தொட முடியாத அளவுக்குச் சூடாகி இணைப்பை விட்டுவிடும். கணினி உறக்கத்திலிருந்து எழுந்தால், பிடுங்கிச் செருகும்வரை டாங்கிள் எழாது. விண்டோஸோடு நான் வைத்திருக்கும் இன்னோர் இயங்குதளமான லினக்ஸிலோ, அதன் மையப்பகுதியான கெர்னல் மாறும் ஒவ்வொரு முறையும் டிரைவரை (டாங்கிளை இயக்கும் மென்பொருளை) மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. அதற்கு நடுவே சிக்னலை நடுவில் வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரையும் வாங்கிப் பார்த்தேன்; ஒரே ரேடியோவால் வாங்கி அதே ரேடியோவால் அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியானது. அது இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது.

2022 இன் இறுதியில் கணினிக்குள் மதர்போர்டில் நேரடியாகச் செருகும் பிசிஐஇ வகை வைஃபை கார்டுக்கு மாறினேன். உள்ளே இன்டெல்லின் ஏஎக்ஸ்210 என்ற வைஃபை சில்லு இருக்கிறது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 ஆகியவை பொதுவான பிசிஐஇ வகையைச் சேர்ந்தவை, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 என 1இல் முடிபவை அதற்கென இடம் தரும் இன்டெல் மதர்போர்டுகளில் மட்டுமே இயங்கும். பொருத்த இருபது நிமிடம் ஆயிற்று. கார்டோடு வரும் சிறு கேபிளை மதர்போர்டின் யு.எஸ்.பி. 2.0 ஊசிகளில் செருக மறந்ததால் புளூடூத் வரவில்லை. மறுநாள் மூடியைத் திரும்பக் கழற்றினேன். டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலுக்கு, ஆண்ட்ராய்டு போனை வைஃபையில் இணைத்து, யு.எஸ்.பி. கேபிள் வழியே கணினிக்குப் பகிர்ந்துகொண்டது கைகொடுத்தது. கெர்னல் 5.10 முதல் இந்தக் கார்டுக்கு ஆதரவு இருப்பதால் லினக்ஸில் டிரைவரைத் தொகுக்கும் வேலையும் இல்லை.

ஆனாலும் முதல் வாரம் ஏமாற்றமாகவே கழிந்தது. கார்டோடு வந்த இரண்டு குச்சி ஆன்டெனாக்கள் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி, மேசைக்கு அடியில் இருந்தன. ரௌட்டரிலிருந்து வரும் அலை ஒரு பீரோவைத் தாண்டி வந்து இன்னொரு இரும்புப் பெட்டியில் முட்டியது. காந்த அடித்தட்டும் ஒரு மீட்டர் கேபிளும் கொண்ட ஆன்டெனாவைத் தனியாக வாங்கி, திருகி, புத்தக அலமாரியின் உச்சியில், பீரோவின் பக்கவாட்டு இடைவெளிக்கு நேராக வைத்த பிறகுதான் கார்டு தன் விலைக்கு நியாயம் செய்தது. சிக்னல் −58, ரௌட்டருக்குப் பிங் 3 மில்லிவிநாடி, வேகம் 94. பெட்டியைத் திறக்கத் தயங்குபவர்கள் பழைய ரௌட்டர் ஒன்றை, வைஃபையை வாங்கி லேன் கேபிளில் தரும் கிளையன்ட் நிலையில் அமைத்து, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் வைத்து, அதிலிருந்து லேன் கேபிளைக் கணினிக்குக் கொண்டுவந்தாலும் இதே பலன் கிடைக்கும்.

பிறகு ரௌட்டரில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால் கணினி அடிக்கடி 2.4க்கு ஓடியது, 5க்குத் தனிப்பெயர் கொடுத்தேன். சேனல் தேர்வைத் தானியங்கியில் விட்டிருந்தபோது ரௌட்டர் சில நாள் 100ஆம் சேனலுக்குப் போய்விடும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ரேடார் அலை தென்பட்டதாகக் கருதினால் ரௌட்டர் உடனே விலகிவிட வேண்டும் என்பது விதி, அந்த நேரத்தில் இணைப்பு காணாமல் போகும். 36இல் நிலைநிறுத்தியதும் அது நின்றது. விண்டோஸில், மின்சாரம் சேமிக்கக் கார்டை அணைத்துவைக்கும் அனுமதியையும் நீக்கிவிட்டேன்.

மின்வெட்டின்போது கணினி யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்க, முன்னறையில் ரௌட்டர் அணைந்து, திரும்ப எழுந்து இணைப்பைப் பிடிக்க மூன்று நிமிடம் ஆகும். வயர்லெஸ் பற்றி இவ்வளவு ஆராய்ந்தவனுக்கு அது உறைக்க இரண்டு கோடைகள் ஆயின. 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். ஒன்று இப்போது ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளை நெருங்கும் இந்த அமைப்பில் மிஞ்சியிருக்கும் குறை ஒன்றுதான். பீரோவின் கண்ணாடிக் கதவை யாராவது திறந்துவிட்டுப் போனால் அது அந்த இடைவெளியை மறைத்துக்கொள்கிறது. பிங் 3இலிருந்து 40, 50க்கு ஏறுகிறது. அப்போதெல்லாம் கூட்டத்தின் நடுவே எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.