யாழ்ப்பாணம்: உலக நகரமா, ஆலை நகரமா, அக்கரையோடு தொழில் செய்யும் நகரமா?

யாழ்ப்பாணத்தின் எதிர்காலம் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று வழிகள் திரும்பத் திரும்ப வரும். பலாலி விமான நிலையத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் பெருப்பித்து, மாடிகள் எழுப்பி, வெளிநாட்டு முதலை வரவழைத்து உலக நகரமாவது ஒன்று. 1990இல் போரோடு நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையைத் திரும்ப ஓட்டி ஆலை நகரமாவது இன்னொன்று. நாகபட்டினம், திருச்சி, சென்னையோடு நெருக்கமாகக் கொடுக்கல் வாங்கல் வைத்து, உள்ளூர் விளைச்சலைப் பதப்படுத்தி விற்பது மூன்றாவது. மூன்றாவதுதான் சரியென்பது எங்கள் முடிவு. ஆனால் மற்ற இரண்டையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஒவ்வொன்றிலும் எடுக்கத்தக்கது ஒரு துண்டு இருக்கிறது.

முதலில் நகரத்தின் அளவு. மாநகர எல்லைக்குள் 1981 கணக்கெடுப்பில் 118,224 பேர். 2012இல் 88,138 பேர். போன சனமே இன்னும் திரும்பி நிறையாத ஊர் இது. இந்த ஊருக்கு எந்தச் சட்டையைத் தைத்தாலும் இந்த உடம்பை அளந்துதான் தைக்க வேண்டும்.

தண்ணீர் எந்த வழியைத் தாங்கும்?

மூன்று வழிகளையும் முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டிய தராசு இதுதான். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு என்பதால், கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். கணக்கு மறுபக்கமும் அப்படியே வேலை செய்யும். இறைப்பு மிஞ்சி மேல்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து சவர் 40 அடி ஏறத் தொடங்கும். ஆழக் குழாய்க்கிணறு அடித்துப் பெரிய மோட்டர் வைத்தவரின் கிணறு முதலில் சவராவதும், பக்கத்து வளவில் ஆழமில்லாத பழைய கிணறு தப்பிப்பதும் இதனால்தான்.

அதே வெடிப்புகள் கழிவையும் கீழே இறக்கும். நகரம் முழுவதற்குமான கழிவுநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு மலசலகூடக் குழிதான். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி விடச் சொல்வார்கள். இரண்டு பரப்புக் காணியில் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) வீடும் கிணறும் குழியும் வைத்து, நாலு பக்கமும் அயலவரின் குழிகளும் வந்த பிறகு அந்த 50 அடியை எங்கே தேடுவது? மணலில் 50 அடி ஓரளவு வடிகட்டும். வெடிப்பு விழுந்த சுண்ணக்கல்லில் கழிவு வடிபடாமலே ஓடிவிடும். இதனோடு தோட்டத்து யூரியாவின் நைத்திரேற்றும் சேர்கிறது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது பக்கத்து ஊர்களுக்கும் அது பரவியதை எல்லோரும் கண்டோம்.

இந்தத் தராசில் உலக நகரத்தை வைத்துப் பாருங்கள். 100 அறை விடுதி ஒன்று, அறைக்கு நாளுக்கு 500 லீற்றர் என்று வைத்துக்கொண்டால் 50,000 லீற்றர். 5,000 லீற்றர் கழிவுப் பவுசர் நாளுக்குப் பத்துத் தரம் வர வேண்டும். வராத நாளில் அது எங்கே போகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடியது. பெரிய ஆறுதல் அது. ஆனால் இந்த முறையில் ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் தேவைப்படும். முழு அளவில் ஓடினால் நாளுக்கு 72,000 அலகுக்குக் குறையாது. குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர் தகும். மாடித் தோட்டத்துக்கும் நீச்சல் தடாகத்துக்கும் அதை ஊற்றுவது வீண்செலவு. அதைவிட முக்கியம், குழாய்த் தண்ணீர் வந்தால் பாவனை கூடும். பாவனை கூடினால் குழிக்குப் போவதும் கூடும். குழாயைக் கொடுத்துவிட்டுக் கழிவைக் கவனிக்காமல் விட்டால் கிணறுகள் முன்னையிலும் விரைவாகக் கெடும்.

ஸ்பெயினின் பில்பாவோவைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். இரும்பும் கப்பற்கட்டும் சரிந்த நகரம், 1997இல் ஒரு அருங்காட்சியகம் திறந்து உலகப் பெயர் எடுத்தது என்பார்கள். அதற்கு முன்பே அங்கே ஆற்றைச் சுத்தப்படுத்தும் கழிவுநீர் வேலை பல ஆண்டுகள் நடந்தது. 1995இல் மெட்ரோ ஓடியது. எங்கள் நகர நடுவிலும் 2023இல் திறந்த பதினொரு மாடிக் கலாசார நிலையம் அழகாக நிற்கிறது. அதற்கு முன் நடந்திருக்க வேண்டிய நிலத்தடி வேலைதான் இன்னும் பாக்கி.

சீமெந்து: கல் தோண்டுவதா, அரைப்பதா?

காங்கேசன்துறை ஆலை 1950இல் உற்பத்தி தொடங்கியது. அதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குவது அநியாயம். நாள்கூலியும் மாதச்சம்பளமும் வடக்குக்குள்ளேயே புழங்கிய காலம் அது. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கிளிங்கர் என்பது சூளையில் சுட்டெடுக்கும் கட்டி, அதை அரைத்தால்தான் சீமெந்து. 1 தொன் கிளிங்கருக்கு 1.2 முதல் 1.3 தொன் சுண்ணக்கல் வேண்டும். சூளை 1,450 பாகை வெப்பத்தில் எரிய வேண்டும். ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் கிளிங்கர் என்றால் ஏறக்குறைய இரண்டரை இலட்சம் கனமீற்றர் பாறை போகும். 10 மீற்றர் ஆழத்துக்குத் தோண்டினாலும் ஆண்டுக்கு 6 ஏக்கர், அதாவது நூறு பரப்பு அளவு நிலம். கடலோரத்தில் அந்த ஆழம் நன்னீர் வில்லையின் நெஞ்சைப் பிளப்பதற்குச் சமம். குழியில் தேங்குவது வெயிலில் ஆவியாகும், சவர் உள்ளே ஏறும், வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பின்னால் சாகும்.

சூளை இல்லாமல் அரைப்பு ஆலை மட்டும் என்றால் கதை வேறு. கிளிங்கரைக் கப்பலில் இறக்கி, 5 வீதம் ஜிப்சம் சேர்த்து அரைத்துப் பொதி செய்யலாம். தொன்னுக்கு 35 முதல் 40 அலகு மின்சாரமும் ஒழுங்கான தூசி வடிகட்டியும் போதும்; கல் தோண்டத் தேவையில்லை. வேலைவாய்ப்பு பழைய ஆலையளவு வராது என்பதை மறைக்கக்கூடாது. ஆனாலும் இரண்டாம் வழியிலிருந்து எடுக்கத்தக்க துண்டு இதுதான்.

ஓடுபாதையும் துறைமுகமும்

பலாலி 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. இப்போது சென்னைக்கும் திருச்சிக்கும் ஏரிஆர் 72 இரக விமானங்கள் போகின்றன. எழுபது எழுபத்தைந்து பேர் கொள்ளும். அதைவிடப் பெரிய ஏ320 ஜெட் விமானம் வந்து போக ஏறக்குறைய 2,000 மீற்றருக்கு மேல் ஓடுபாதையும், தீயணைப்பில் 6ஆம் தரமும், அதாவது இரண்டு தீயணைப்பு வண்டிகளும் வேண்டும். லண்டனுக்கு நேரே பறக்கக்கூடிய ஏ330-300க்கு 9ஆம் தரமும் மூன்று வண்டிகளும், இன்னும் நீண்ட ஓடுபாதையும் தேவை. அந்த நீளத்துக்கான நிலம் வலிகாமம் வடக்கு மக்களின் காணி. 1990இல் இடம்பெயர்ந்து இன்னும் காணி உறுதியைக் கையில் வைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கையில், அவர்களின் தோட்டத்தின் மேல் ஓடுபாதை போடுவதை எந்த வளர்ச்சியும் நியாயப்படுத்தாது.

பெரிய ஓடுபாதை தானாக விமானத்தைக் கொண்டுவராது என்பதற்கு இலங்கைக்குள்ளேயே சாட்சி உண்டு. 2013இல் திறந்த மத்தள விமான நிலையத்துக்கு 3,500 மீற்றர் ஓடுபாதை. பயணிகள் வரவில்லை, சரக்குக் கிடங்கில் நெல் அடுக்கினார்கள், 2018இல் மிஞ்சியிருந்த ஒரே ஒழுங்குச் சேவையும் நின்றது. ஏ320 அளவோடு நின்றுகொள்வதே பலாலிக்குத் தகும்.

கடல்வழி நம்பிக்கை தருவது. நாகபட்டினத்துக்கு 60 கடல் மைல், ஏறத்தாழ 110 கிலோமீற்றர். கொழும்புக்குத் தரைவழி 400. ஆனால் 2023 ஒக்ரோபர் 14 தொடங்கிய பயணிகள் கப்பல் ஒரு வாரத்துக்குள் நின்றது. வாடைக்காற்று தொடங்கும் மாதத்தில் சிறிய வேகக்கப்பலைத் தொடக்கினால் வேறென்ன நடக்கும்? 2024 ஓகஸ்டில் திரும்பத் தொடங்கியது. துறைமுக வேலைக்கு இந்தியா அறிவித்த 61.5 மில்லியன் டொலர் உதவியை அலைதடுப்புக்கும், ஆழப்படுத்தலுக்கும், சரக்குக் கொட்டிலுக்கும் முதலில் செலவிட வேண்டும். பயணிகள் மண்டபத்தின் கண்ணாடிக்கு அவசரமில்லை.

செத்தல் மிளகாயில் தெரியும் உலகத் தரம்

மூன்றாம் வழியின் பெலனும் பெலவீனமும் ஒரு பொருளில் தெரியும். புலம்பெயர்ந்த ஊர்களில் யாழ்ப்பாணத்துத் தூளுக்குச் சந்தை தேட வேண்டியதில்லை, அது காத்திருக்கிறது. தடை வேறிடத்தில். ஐரோப்பிய ஒன்றியம் காய்ந்த மிளகாயில் அஃப்ளரொக்சின் பி1 என்ற பூஞ்சண நஞ்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கும், மொத்த அஃப்ளரொக்சின் 10க்கும் மேல் போகக்கூடாது என்கிறது. பழுத்த மிளகாயில் முக்கால் பங்கு தண்ணீர். அதை 10, 11 வீதத்துக்குக் காயவைக்க வேண்டும். வெறும் முற்றத்தில் பரப்பி, மழை இருட்டியதும் குவித்துப் படங்கால் மூடினால், பகல் சூட்டோடு உள்ளே வேர்த்து ஒரே இரவில் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த நாள் வெயிலில் அது காய்ந்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நஞ்சு மட்டும் இருக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. காம்புப் பக்கம் ஒடித்துப் பார்க்க உள்ளே சாம்பல் நிறம் இருந்தால் அந்தக் குவியலையே ஒதுக்க வேண்டும். நல்லதோடு கலந்து அரைத்தால் முழு மூட்டையும் கெடும்.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்திய வலைத்தட்டு, மேலே ஒளிபுகும் கூரை, ஈரமானி, காற்றுப் புகாத சாக்கு. பிறகு ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்து, முழுவதையும் அரைத்துக் கலந்து, அதிலிருந்து மாதிரி. ஒரு மூட்டையில் கைவிட்டு எடுத்த பிடி மிளகாய் பொய் சொல்லும், ஏனென்றால் பூஞ்சணம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். அந்த மாதிரியைச் சோதித்து, வெளிநாடு ஏற்கும் சான்று தரக்கூடிய அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் குடாநாட்டுக்குள் இருக்க வேண்டும். ஒடியல் மா, பனங்கட்டி, நண்டு எல்லாவற்றுக்கும் அதே கதவுதான். மீனுக்கு அதோடு ஐஸும் வேண்டும்: கிலோவுக்குக் கிலோ.

விவசாயி ஏமாந்த வரலாறும் இருக்கிறது. 1970களின் இறக்குமதித் தடையில் மிளகாயும் வெங்காயமும் வலிகாமத்தைச் செழிக்க வைத்தன; 1977இல் சந்தை திறந்ததும் விலை விழுந்தது. அக்கரையோடு வாணிபம் திறந்தால் மலிவான இந்தியச் செத்தல் இன்னும் தாராளமாக இறங்கும். மூன்றாம் வழியின் மெய்யான ஆபத்து இது. மூட்டைச் செத்தலாக விற்று அந்த விலையோடு மோத முடியாது. சான்று பெற்ற தூளாக, ஊர்ப்பெயரோடு விற்றால் முடியும்.

ஆகவே காசு வருகிற வரிசையில் கழிவுநீரும் ஆய்வுகூடமும் முன்னே, துறைமுகச் சரக்குக் கொட்டிலும் தாவரத் தொற்றுத்தடுப்பு அலுவலரும் அடுத்து, ஏ320 ஓடுபாதை அதன் பின். ஆய்வுகூடத்துக்கு ஒரு நிபந்தனை வைக்க வேண்டும்: மாதிரி கொடுத்த மூன்றாம் நாள் முடிவு கையில் வர வேண்டும். புரட்டாதிக்குள் சான்று கிடைக்காத சரக்கு வாடைக்குள் அகப்பட்டுவிடும். பிறகு அதே மூட்டை லொறியில் ஏறி 400 கிலோமீற்றர் கொழும்புக்குத்தான் போகும்.