டொல்பின் வேன் குளிரில் பிடிக்காவிட்டால்: ஒரு பிளக்கா, நாலுமா, கை சுவிட்சா?

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடுகிற வேனில், டீசல் எஞ்சினைக் குளிரில் பிடிக்க வைக்கச் சூடேற்றும் நாலு ஹீட்டர் பிளக்கில் (குளோ பிளக்) இரண்டு செத்துக் கிடந்தாலும் சாரதிக்குத் தெரியாது. ஹயர் ஒன்றுக்கு நுவரெலியா ஏறி, 1,868 மீட்டர் உயரத்தில் ஒரு ராத்திரி வெளியில் நிறுத்திய பிறகுதான் குட்டு வெளிப்படும். விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்கள் பையோடு நிற்பார்கள். எஞ்சின் சுற்றும், வெள்ளைப் புகை கக்கும், பிடிக்காது. அந்த நேரத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எது எடுபடும், எது எஞ்சினையே கெடுக்கும் என்பதை டொல்பின் என்று இங்கே அழைக்கப்படும் டொயோட்டா ஹைஏஸ் வேனை வைத்துப் பார்ப்போம். 2எல் (2,446 சிசி), 3எல் (2,779 சிசி) இரண்டு எஞ்சினுக்கும் இது பொருந்தும்.

இந்த எஞ்சின்களில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழுவதில்லை. சிலிண்டர் ஹெட்டில் உள்ள சின்னச் சுழல் அறைக்குள் பாய்கிறது. 22 மடங்குக்கு மேல் நெருக்கிச் சூடாக்கிய காற்று, அந்த அறையின் குளிர்ந்த சுவரில் பட்டே சூட்டை இழந்துவிடும். அந்தக் குறையை நிரப்பத்தான் பிளக்.

காசை எடுக்கும் முன் புகையைப் பாருங்கள். சுற்றும்போது சைலென்சரில் வெள்ளைப் புகையும் பச்சை டீசல் நாற்றமும் வந்தால் டீசல் போகிறது, சூடுதான் இல்லை. பிளக் பக்கம் போகலாம். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. ஃபில்டர் மேலுள்ள கைப்பம்பை அழுத்துங்கள். தொளதொளவென்று அமுங்கினால் லைனில் காற்று. சுற்றும்போது பெட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பெட்டரியையும் எர்த் வயரையும் முதலில் கவனிக்க வேண்டும். புதுப் பிளக் போட்டும் மெதுவாகச் சுற்றுகிற எஞ்சின் பிடிக்காது. டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கை நம்ப வேண்டாம். அது, பிளக்குக்குக் கரண்ட் விடும் நேரத்தை அளக்கும் டைமர் சொல்லி எரிகிறது. நாலு பிளக்கும் செத்திருந்தாலும் அழகாக எரிந்து அணையும்.

செத்த பிளக் எது என்று பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நாலு பிளக்கையும் ஒரு தகடு இணைக்கிறது. அதைக் கழற்றாமல் மீட்டர் வைத்தால் ஒரு நல்ல பிளக் மற்ற மூன்றுக்கும் சாட்சி சொல்லிவிடும். நாலு நட்டையும் கழற்றித் தகட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் நுனிக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் அளக்க வேண்டும். நல்லது 1 ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும். அறுந்தது ஒன்றுமே காட்டாது. மீட்டர் இல்லையென்றால், ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரைப் பெட்டரி பிளஸ்ஸிலும் மற்றதைப் பிளக் நுனியிலும் தொடுங்கள். எரிந்தால் உயிர் இருக்கிறது. ஆனால் அறுபடாமல் சோர்ந்துபோன பிளக்கை இந்த இரண்டு சோதனையும் காட்டிக்கொடுக்காது. அதற்கு, வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஒவ்வொன்றாகக் கரண்டைப் பார்ப்பதே வழி. மற்ற மூன்றோடு ஒப்பிட்டால் சோம்பேறி தெரிந்துவிடும்.

இப்போது முதல் தெரிவு: செத்த ஒன்றை மட்டும் மாற்றுவதா, நாலையும் மாற்றுவதா? ஒன்றை மாற்றுவது மலிவு. பிளக்குகளைப் போட்டு ஒரு வருடம்தான் ஆகிறது, மற்ற மூன்றும் சமமாக இழுக்கின்றன என்றால் அதுவே சரி. எப்போது போட்டது என்றே தெரியாத வேனில் நாலையும் மாற்றுங்கள். ஒரே வயதுப் பிளக்குகள் அடுத்தடுத்துதான் போகும். தகட்டைக் கழற்றும் வேலையும் இறுகிய பிளக்கோடு மல்லுக்கட்டும் ஆபத்தும் ஒருமுறையோடு முடியட்டும். இரண்டு கம்பனிப் பிளக்கைக் கலந்து போடுவது மட்டும் கூடவே கூடாது. ஒன்று சிவக்கும்போது மற்றது கறுப்பாகவே இருக்கும். எஞ்சின் பிடித்த பிறகும் உலுக்கும்.

வாங்கும்போது விலையைவிட வோல்ட்டைப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, 11 அல்லது 12 வோல்ட் பிளக்கோடு நிதானமாகச் சூடாகும் சாதாரண முறை. மற்றது சூப்பர் குளோ: 6 வோல்ட் அளவுப் பிளக்குக்கு முதல் சில செக்கன் முழுப் பெட்டரி வோல்ட்டையும் கொடுத்துச் சட்டென்று சிவக்க வைத்து, பிறகு இரண்டாவது ரிலே (பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வழியாக, ஒரு ரெசிஸ்டர் ஊடாக, வோல்ட்டைக் குறைத்துத் தொடரும். சாதாரண முறையில் 6 வோல்ட் பிளக்கைப் போட்டால் சீக்கிரமே எரிந்துபோகும். சூப்பர் குளோவில் 12 வோல்ட் பிளக்கைப் போட்டால் அது சிவக்கும் முன்னே டைமர் வெட்டிவிடும். புதுச் சாமான் போட்டும் பிடிக்கவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கழற்றிய பிளக்கின் உடம்பில் வோல்ட் பொறித்திருக்கும். அதையும் முழுக்க நம்பாதீர்கள், முன்னால் போட்டவரே பிழையாகப் போட்டிருக்கலாம். ரிலே ஒன்றா இரண்டா, ரெசிஸ்டர் இருக்கிறதா என்று வயரைத் தொடர்ந்து பாருங்கள்.

அடுத்த போட்டி டைமரைச் சீராக்குவதற்கும், அதற்குப் பதிலாகக் கையால் அழுத்தும் சுவிட்ச் (கை சுவிட்ச்) போடுவதற்கும் இடையில். பிளக் நல்லது, ஆனால் தகட்டில் கரண்ட் வரவில்லை என்றால் உடனே சுவிட்சுக்கு ஓடாதீர்கள். 80 ஆம்ப் குளோ பியூஸ் போயிருக்கலாம், ரிலேயின் தொடுமுனை கருகியிருக்கலாம். விளக்கு ஒரு செக்கனில் அணைகிறதென்றால் எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சரின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் நீண்ட நேரம் எரிந்தால் சென்சர்தான் பொய் சொல்லியிருக்கிறது. இவை எல்லாம் சின்னச் செலவு. டைமர் உயிரோடிருந்தால் அதையே வைத்திருங்கள். எஞ்சின் பிடித்த பிறகும் கொஞ்ச நேரம் பிளக்கைச் சூடாக வைக்கிற வேலையைக் கையால் அந்த ஒழுங்கில் செய்ய முடியாது.

டைமர் போய், மாற்று கிடைக்கவில்லையென்றால் கை சுவிட்ச் நல்ல இரண்டாவது வழி. ஆனால் 12 வோல்ட் பிளக்கோடு மட்டும். சூப்பர் குளோ வேனாக இருந்தால் பிளக்கையும் அப்படியே மாற்றிவிட வேண்டும். நாலு பிளக்கும் சேர்ந்து 40 முதல் 60 ஆம்ப் வரை இழுக்கும், தொடக்கத்தில் அதைவிடக் கூட. ஹோர்னுக்குப் போடும் சின்ன ரிலே அந்தப் பாரத்தைத் தாங்காது, தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிளக் விடிய விடிய எரியும். 100 ஆம்ப் தாங்கும் கனமான ரிலே, 16 சதுர மில்லிமீட்டர் வயர், பெட்டரிக்குப் பக்கத்தில் 80 ஆம்ப் பியூஸ் வேண்டும். டேஷ்போர்டில் அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் பட்டன் சுவிட்ச்; தட்டிவிட்டால் நிற்கிற சுவிட்ச் வேண்டாம், மறந்துவிடுவீர்கள். குளிர் காலையில் 15 செக்கன் அழுத்திப் பிடித்து, விட்டவுடன் சாவியைத் திருப்புங்கள்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் தகட்டில் வோல்ட் பாருங்கள். பெட்டரியில் 12, தகட்டில் 10 என்றால் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது. துருப்பிடித்த ஒரு நட் போதும் இதற்கு.

இன்டேக்கில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்பவர்களும் உண்டு. வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அந்த ஸ்ப்ரேயிலுள்ள ஈதர், சூடான பிளக்கில் பட்டு நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் ரிங் உடையும், பிளக் நுனி முறிந்து உள்ளே விழும். பிளக் எல்லாம் நல்லதாக இருந்தும் ஸ்ப்ரே இல்லாமல் பிடிக்காத எஞ்சினில் கம்ப்ரெஷன் (சிலிண்டர் காற்றை நெருக்கும் அழுத்தம்) பாருங்கள். டொயோட்டா கணக்கில் 284 பிஎஸ்ஐக்குக் கீழே போன சிலிண்டருக்குப் பிளக்கால் உதவ முடியாது.

பிளக்கைக் கழற்றுவது எப்போதும் எஞ்சின் இளஞ்சூட்டில், 12 மில்லிமீட்டர் அளவுள்ள நீண்ட சாக்கெட்டில். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக் 35 நியூட்டன் மீட்டர் அளவிலேயே முறியக்கூடும். வராவிட்டால் முன்னும் பின்னும் கால் சுற்றாக அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். மரை முழுக்கக் கழன்றும் பிளக் மேலே வரவில்லையென்றால் நுனி ஊதிப்போயிருக்கிறது. குறட்டால் பிடித்து இழுக்காதீர்கள். நுனி சுழல் அறைக்குள் விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். மெதுவாகத் திருகிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். புதியதை முதலில் விரலால் முழு மரையும் ஏற்றி, பிறகு 13 நியூட்டன் மீட்டருக்கு மட்டும் இறுக்குங்கள்.