தோல்காரர் மகனும் துணி இருக்கையும்: சென்னையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு ஆறு ஆண்டுகள்

நான்காம் ஆண்டு முடிவில் ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்கத் திண்டில், ஏறி இறங்கும்போது தொடை உரசும் இடத்தில், தோல் விட்டுப்போய் உள்ளிருந்த நுரை எட்டிப் பார்த்தது. அன்று வண்டி ஓடியிருந்த தூரம் 23,000 கிலோமீட்டர்தான். அப்பா வந்து பார்த்தார். விரல் நுனியால் அந்த விளிம்பை நெருடிவிட்டு, "இது இன்று கிழிந்தது இல்லை. மேல்பூச்சு போய் ஒரு வருடம் ஆகியிருக்கும். நீ பார்க்கவில்லை" என்றார். பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். அவருடைய மகன் தோல் விஷயத்தில் கோட்டைவிட்டதுதான் அவருக்குக் கிழிசலைவிடப் பெரிய வருத்தம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஐரோப்பியத் தயாரிப்பு, இரண்டே இருக்கை, நிற்கும் நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்து விநாடிக்குள் தொடும். எஞ்சினைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் 2019-இல் ஆர்டர் கொடுக்க உட்கார்ந்தபோது எஞ்சினை முடிவுசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. உள்ளலங்காரத்தை முடிவுசெய்ய மூன்று வாரம் ஆனது. அப்படியிருந்தும் பாதியைத் தவறாகவே தேர்ந்தெடுத்தேன்.

தவறு எங்கே நடந்தது என்று இப்போது தெரிகிறது. ஷோரூமில் ஏ.சி. இருபத்திரண்டு டிகிரியில் ஓடுகிறது. வெள்ளை விளக்கு. கையில் தோல் மாதிரிகள், உள்ளங்கை அளவுத் துண்டுகள். வியர்வை இல்லாத கையால் தடவிப் பார்த்து, வெயில் படாத கண்ணால் நிறம் பார்த்து, சென்னையில் ஓடப்போகும் காருக்குத் தோல் தேர்ந்தெடுப்பது பெண் பார்க்கப் போய் அவள் வீட்டுத் திரைச்சீலையைப் பார்த்துவிட்டு வருவதுபோல. மாதிரித் துண்டுகளை ஒரு மே மாதத்து மதியம் காருக்குள் போட்டுப் பூட்டிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வந்து அவற்றின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் எடுத்தது கறுப்பு நப்பா தோல். மென்மையாக, மெல்லிய மேல்பூச்சோடு, தொட்டால் குழந்தையின் கன்னம்போல இருந்தது. அப்பாவுக்கு அப்போதே சந்தேகம். கார் இருக்கைத் தோலில் உண்மையில் தேய்வது தோல் இல்லை, அதன்மேல் பூசியிருக்கும் பாலியூரிதேன் பூச்சுதான் என்பார். பூச்சு கனமாக இருந்தால் கைக்கு பிளாஸ்டிக்போல இருக்கும், ஆனால் உழைக்கும். மெல்லியதாக இருந்தால் தோலின் ரோமக்கண் தெரியும், மணம் வரும், விலை ஏறும், சீக்கிரம் போகும். அவருடைய தொழிற்சாலையில் இதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு கம்பளித் துண்டைச் செயற்கை வியர்வையில் நனைத்து, தோலின்மேல் நூற்றுக்கணக்கான முறை தேய்த்து, கம்பளியில் எவ்வளவு நிறம் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். செயற்கை வியர்வை என்று ஒன்றை ஆய்வகத்தில் கலந்து வைத்திருப்பார்கள் என்று சிறுவயதில் கேட்டபோது சிரிப்பாக வந்தது. வேளச்சேரியிலிருந்து அலுவலகம் போய்த் திரும்பிய ஒவ்வொரு நாளும் அந்தச் சோதனையை என் சட்டை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் உறைத்தது.

தோலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். நாங்கள் வளர்ந்த பக்கமே அப்படி. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் ஆலையால்தான். அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இருக்கிறது. குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறை வருவதற்கு முன்பு, ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியது. ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குணம்: வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முறை போட்டு எடுப்பார்கள். அதாவது, தோலுக்கு முதல் எதிரி நம் ஊர் வெயில் என்பதை இங்குள்ளவர்கள் காருக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

வெயில் என்றால் எந்த அளவு? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது உச்சம். சாதாரண அக்னி நட்சத்திர நாளில், பெசன்ட் நகரில் திறந்தவெளியில் இரண்டு மணி நேரம் நிறுத்தியிருந்த என் வண்டிக்குள் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பார்த்தேன். டேஷ்போர்டின் மேல்பகுதி 74, கறுப்புத் தோல் இருக்கை 63. பிறகு ஒரு நாள், இருக்கையில் தோலை மாற்றித் துணி போட்ட பின்பு, அதே இடத்தில் அதே நேரத்தில் பார்த்தபோது துணி 59. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். தொடைக்கு அது நான்கு டிகிரி இல்லை. மழமழப்பான தோல் முழுப் பரப்பாலும் உடம்பில் ஒட்டிக்கொண்டு சூட்டைக் கடத்துகிறது. துணியின் நூல்களுக்கு நடுவே காற்று இருப்பதால் உடம்பு தொடும் பரப்பு குறைவு, சூடும் மெதுவாகவே ஏறுகிறது. பாய்க்கும் ரெக்சின் சோபாவுக்கும் உள்ள வேறுபாடு. மே மாதத்தில் ரெக்சின் சோபாவில் வெறும் முதுகோடு படுத்து எழுந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. முன்கண்ணாடிக்கு மடக்குத்திரை ஒன்றைத்தான் பயன்படுத்துகிறேன். அது டேஷ்போர்டைக் காக்கிறது, பக்கத்திலிருந்து வரும் வெயிலை ஒன்றும் செய்வதில்லை. ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புவது என் வழக்கம். திரும்பும்போது சூரியன் கடல் பக்கம், அதாவது வலப்பக்கம், ஓட்டுநர் மேலேயே நிற்கும். என் இருக்கையின் வலத் திண்டு இடத் திண்டைவிட ஒரு சாயல் வெளுத்திருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெளிர் நிறத் தோல் எடுத்திருந்தால் சூடு குறைந்திருக்கும், உண்மை. நண்பர் ஒருவர் யானைத் தந்தத்தின் நிறத்தில் எடுத்தார். ஆறே மாதத்தில் அவருடைய புது ஜீன்ஸின் நீலம் இருக்கையில் ஏறிவிட்டது. டேஷ்போர்டையும் அதே நிறத்தில் கேட்டு வாங்கியதுதான் பெரிய தவறு. வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்துச் சாலையையே மறைக்கிறது. டேஷ்போர்டின் மேல்பகுதி கறுப்பாகவும் பளபளப்பு இல்லாமலும் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

அந்தப் பளபளப்பு இல்லாத கறுப்புக்கு ஏற்றது பந்தயக் கார்களில் வரும், ஸ்வேட் எனப்படும் மென்மயிர்த் தோலைப் போன்ற துணி. இந்த வகைத் துணியை 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ உருவாக்கினார். இத்தாலியில் அல்காண்டரா என்ற பெயரில் அது புகழ்பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு பாலியஸ்டர், மீதி பாலியூரிதேன். விலைப்பட்டியலில் அதற்குத் தோலைவிடக் கூடுதல் விலை போட்டிருந்ததைப் பார்த்து அப்பா, "இதில் மாடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். நான் இந்த வகைத் துணியை டேஷ்போர்டுக்கும் தலைத்திண்டுக்கும் ஸ்டீயரிங்குக்கும் எடுத்தேன்.

டேஷ்போர்டில் அருமை. ஆறு ஆண்டுகளில் ஒரு குறையும் இல்லை, தூசி படிந்தால் மென்மையான பிரஷ் போதும். தலைத்திண்டில் தோல்வி. நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஐரோப்பாவில் யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். என் மனைவியின் பக்கம் தேங்காய் எண்ணெயும் மல்லிகைச் சரத்தின் ஈரமும் சேர்ந்து நடுவில் ஒரு வட்டமே விழுந்துவிட்டது. ஸ்டீயரிங்கில் படுதோல்வி. பந்தய ஓட்டுநர் கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறார். அவருக்கு அது வழுக்காது. நாம் வெறுங்கையால், செப்டம்பர் மாதப் புழுக்கத்தில், கத்திப்பாரா நெரிசலில் பிடிக்கிறோம். கைப்பிசுக்கு ஏறி நுண்ணிழைகள் படிந்து, இரண்டாம் ஆண்டிலேயே அது நெய்க்கடைக் கல்லாப்பெட்டிபோல மினுங்கத் தொடங்கிவிட்டது.

ஸ்டீயரிங்குக்கு இன்னொரு சோதனையும் நடந்தது. வண்டி வந்த அன்றே பல்லவன் சாலையில் பாடிகார்ட் முனீஸ்வரன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எலுமிச்சைப் பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, எல்லாம் முறையாக நடந்தது. நான் குனிந்து கும்பிட்டு நிமிர்வதற்குள் பூசாரி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஸ்டீயரிங்கின் உச்சியில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமமும் இட்டுவிட்டார். வடிகட்டிய நீர், பஞ்சு, பிரஷ் என்று என்னென்னவோ செய்தேன். ரோஜா நிறத்தில் ஒரு தடம் நிலைத்துவிட்டது. பந்தய ஸ்டீயரிங்குகளில் சக்கரம் நேராக இருப்பதைக் காட்டப் பன்னிரண்டு மணி இடத்தில் ஒரு வண்ணப் பட்டை இருக்கும். அதற்குத் தனி விலை. எனக்கு முனீஸ்வரன் அருளால் இலவசம்.

இருக்கையின் வடிவத்துக்கு வருகிறேன். சாய்மானம் அசையாத, கார்பன் இழை ஓடு கொண்ட பக்கெட் இருக்கை எடுக்கவில்லை. அது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நண்பர் எடுத்தார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில், 3.7 கிலோமீட்டர் சுற்றில், அவருடைய வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். வளைவில் உடம்பு நழுவாமல் இருக்கும்போது கை ஸ்டீயரிங்கைத் திருப்ப மட்டும் வேலை செய்கிறது, பிடித்துக்கொள்வதற்கு இல்லை. அந்த வேறுபாடு சொல்லில் அடங்காது. அதே இருக்கையில் புதுச்சேரி வரை போய்விட்டு வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையையும் என் முதுகெலும்பு தனித்தனியாக எண்ணியது. மேலும், அதில் வேட்டியோடு இறங்குவது ஒரு வித்தை. மயிலாப்பூரில் ஒரு திருமண மண்டபத்து வாசலில் நண்பர் இறங்கியதை நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

நான் எடுத்தது சாய்மானமும் பக்கத் திண்டுகளும் மோட்டாரில் நகரும் இருக்கை. என் அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. திண்டுகளை முழுக்க விரித்து, இருக்கையைக் கடைசி வரை உயர்த்தி, முதலில் இரண்டு காலையும் வெளியே வைத்துத் திரும்பி எழ வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். "கிணற்றிலிருந்து ஏறுவதுபோல இருக்கிறது" என்பார், ஆனால் ஏறிவிடுவார். தொகுப்போடு சேர்ந்து வந்ததால் இருக்கையைச் சூடாக்கும் வசதியும் இருக்கிறது. ஆறு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை, தவறுதலாகப் பட்டனை அழுத்தி, பயன்படுத்தியிருக்கிறேன்.

கார்பன் இழைப் பட்டைகள், பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் பற்றியெல்லாம் சொல்ல அதிகம் இல்லை. பளபளப்பான கறுப்பு, நம் தூசியில் ஒரு வாரத்தில் கீறிவிடும், வேண்டாம். அலுமினியக் கியர் குமிழ் மே மாதத்தில் தோசைக்கல். கைக்குட்டை போட்டுப் பிடிக்கிறேன்.

மழைக்காலம் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்று என் வண்டி தப்பியது தற்செயல். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் இருக்கைக்கு அடியிலிருந்த மோட்டார்களும் மின்னணுப் பெட்டியும் போயின. அந்தப் பயத்தில் 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்தவுடன், ஊரோடு ஊராக நானும் வேளச்சேரி மேம்பாலத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். தண்ணீரிலிருந்து காப்பாற்றினேன். ஆனால் உறை போட்டு மூடி மூன்று நாள் விட்டதில் உள்ளே ஈரம் அடைபட்டு, தோலின் தையல் ஓரங்களில் பூஞ்சை வெள்ளையாகப் பூத்திருந்தது. அமிலமோ காரமோ மிகாத சோப்பு நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் கதவைத் திறந்துவைத்துக் காயவிட்டேன். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் உயிர்பெறும் என்று யோசனை சொன்னார்கள். பூச்சு உள்ள தோலுக்கு எண்ணெய் தடவுவது பெயிண்ட் அடித்த கதவுக்கு எண்ணெய் தடவுவதைப்போல. உள்ளே போகாது, தூசியைத்தான் சேர்க்கும்.

கிழிந்த இருக்கையோடு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஏறி இறங்கினேன். முதல் கடைக்காரர் முழு இருக்கைக்கும் மேலுறை தைத்துவிடலாம் என்றார். இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் அது வெளியே வருவதற்காகவே அந்த ஓரத் தையலை எளிதில் பிரியும் நூலால் தைத்திருப்பார்கள். அதன்மேல் உறை போட்டால் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். சொன்னேன். "யாருமே இதுவரை கேட்டதில்லை சார்" என்றார், அதுவே ஒரு சான்றிதழ்போல. நான்காவது கடையில் கிடைத்த தையல்காரர் ஏர்பேக் பக்கத்தைத் தொடவே மாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். அவரிடம் கொடுத்தேன்.

நடுப்பகுதிக்கும் முதுகுக்கும் சாம்பல் நிறக் கட்டம்போட்ட நெய்த துணி, வலத் திண்டுக்குக் கனமான பூச்சுள்ள தோல், மற்ற இடங்களில் பழைய தோலே. விலை கூடிய காருக்குத் துணியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 1987-இல் வந்த ஃபெராரி எஃப்40-இல் துணி இருக்கைதான். கம்பளம்கூடக் கிடையாது, கதவைத் திறக்க ஒரு கம்பி. 1976-இல் ஃபோக்ஸ்வாகனின் வேகக் காரான முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.-க்குக் கட்டம்போட்ட துணியைத் தேர்ந்தெடுத்தவர் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண்மணி. பீங்கானில் ஓவியம் தீட்டியவர். வேகத்துக்கும் துணிக்கும் பகை இல்லை. இரண்டு கோடைகள் கடந்துவிட்டன. சட்டை முதுகில் ஒட்டுவதில்லை, வளைவில் இடுப்பு நழுவுவதில்லை. காபி சிந்தினால் மட்டும் தோலின் அருமை தெரிகிறது.

அப்பா மாற்றிய இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். வெகுநேரம் துணியைத் தொடவில்லை. வலத் திண்டின் புதுத் தோலை மட்டும் நெருடிக்கொண்டிருந்துவிட்டு, "இந்த ஃபினிஷ் நிற்கும்" என்றார்.

ஸ்டீயரிங் மட்டும் பாக்கி. அடுத்த மாதம் அதை உரித்து மழமழப்பான தோல் போடக் கொடுக்கப்போகிறேன். பன்னிரண்டு மணி இடத்திலிருக்கும் அந்த ரோஜாத் தடத்தை என்ன செய்வது என்று தையல்காரர் கேட்டார். அதே இடத்தில் குங்கும நிற நூலில் நாலு தையல் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன்.