மருத்துவமனையா, பதிவேடா?

பிரிட்டனில் மறதிநோய் ஆய்வுக்கு ஆள் சேர்க்க முக்கியமாக இரண்டு வழிகள்: நினைவாற்றல் மருத்துவமனையில் நேரில் கேட்பது, 2015 முதல் நாடெங்கும் இயங்கும் 'ஜாயின் டிமென்ஷியா ரிசர்ச்' என்ற, ஆய்வில் பங்கேற்க விரும்புவோர் பெயர் கொடுத்துவைக்கும் பதிவேடு.

மருத்துவமனையில் நோய் விவரமும் ஸ்கேன் முடிவும் கைவசம் இருக்கும். ஆனால் நோயின் பெயரை அன்றுதான் கேட்ட குடும்பத்திடம் ஒப்புதல் படிவத்தை நீட்டுவது எனக்கு நெருடுகிறது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லப் பலர் தயங்குவார்கள்.

பதிவேட்டில் அந்த நெருக்கடி இல்லை. நோயாளியின் சம்மதத்தோடு மகளோ கணவரோ அவர் சார்பில் பதியலாம், நோயில்லாதவர்களும் சேரலாம். இணையம் பழகாத முதியவர்கள் விடுபடக்கூடும். தொலைபேசியில் பதிய வழியிருப்பது ஓரளவு ஆறுதல். நான் பதிவேட்டுக்கே முதலிடம் தருவேன். இரவெல்லாம் கண்விழித்துப் பராமரிப்பவருக்கு யோசிக்க நாலு நாளாவது வேண்டும்.