வீட்டில் எந்த மொழி: ஆங்கிலமா, ஆளுக்கொரு மொழியா, தமிழா?

எங்கள் மகளுக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டது. கோவையில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. படிக்கிறாள். அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது, வீட்டில் அவளிடம் எந்த மொழியில் பேசுவது என்று நானும் என் கணவரும் பல இரவுகள் விவாதித்தோம். முழுக்க ஆங்கிலத்தில் பேசுவது, அப்பா ஆங்கிலமும் அம்மா தமிழுமாகப் பிரித்துக்கொள்வது, தமிழில் மட்டும் பேசி ஆங்கிலத்தைப் பள்ளிக்கு விட்டுவிடுவது என மூன்று வழிகள் இருந்தன. முதல் வழியை ஒன்றரை ஆண்டும் இரண்டாவதை மூன்று மாதமும் கடைப்பிடித்துவிட்டு, மூன்றாவதில் நிலைத்தோம். ஆகவே இதை எழுதுகிறவள் நடுநிலையானவள் அல்லள் என்பதை வாசிப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

எல்லாரும் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சு வராமல் போவதில்லை. இரண்டு வயதுக்கு முன்பு திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. கைபேசியில் ஓடும் ஆங்கிலப் பாடல்கள் மொழியைக் கற்றுத் தந்துவிடும் என்று நம்புவோருக்கு 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு போதும்: ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் சீன மொழியான மாண்டரினைப் பேசுவோர் நேரில் அமர்ந்து 12 அமர்வுகள் விளையாடிப் பேசியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடு அவர்களுக்குப் பிடிபட்டது, அதையே திரையில் காட்டியபோது பிடிபடவில்லை.

ஆங்கிலத்தை நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிறந்து ஆறேழு மாதங்களில் உலக மொழிகளின் ஒலிகளையெல்லாம் பிரித்தறியும் காது, ஒரு வயதை நெருங்கும்போது வீட்டில் ஒலிக்காத மொழிகளின் வேறுபாடுகளை விட்டுவிடுகிறது. ஆங்கில வீட்டுக் குழந்தைகள் இந்தியின் இருவகை ‘த’, ‘ட’ ஒலிகளைப் பிரித்தறியும் திறனை இப்படி இழப்பதை ஜேனட் வெர்க்கர் 1984-இலேயே காட்டியிருக்கிறார். சீக்கிரம் தொடங்கினால் உச்சரிப்பு நன்றாக வரும் என்ற எண்ணமும், எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன் குழந்தை நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்ற அக்கம்பக்கத்துப் பேச்சும் சேர்ந்து எங்களை அந்தப் பக்கம் தள்ளின. எங்களோடு இருந்த என் அம்மாவிடமும், “ஆப்பிள், பனானா என்றே சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டோம்.

இருபத்திரண்டு மாதத்தில் அவளுக்கு நிறங்களும் விலங்குகளும் எண்களும் ஆங்கிலத்தில் தெரிந்தன. வந்த விருந்தினர் மெச்சினர். ஆனால் இரண்டு சொற்களைச் சேர்த்து அவள் எதையும் கேட்டதில்லை. இரண்டு வயது நிறையும் வேளையில் இரண்டு சொல் தொடர்கள் வர வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லும் எல்லை நெருங்கியதால் குழந்தை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் செவித்திறனைப் பரிசோதிக்கச் சொன்னார். அதில் குறை ஏதும் இல்லை. அதன்பிறகு, “வீட்டில் யார், எவ்வளவு நேரம், எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன்.

அந்த வாரத்தில் இரண்டு இரவுச் சாப்பாட்டு வேளைகளைக் கைபேசியில் பதிவு செய்தேன். முதல் நாள் நான் ஆங்கிலத்தில் ஊட்டினேன். மறுநாள் அம்மாவை அவர் இஷ்டத்துக்குப் பேசவிட்டேன். என் இருபது நிமிடப் பதிவில் 43 வாக்கியங்கள் இருந்தன. அவற்றில் 19 கட்டளைகள், அதாவது உட்கார், வாயைத் திற, கொட்டாதே என்பவை. இன்னும் 15, விடை எனக்கே தெரிந்த ‘இது என்ன நிறம்’ வகைக் கேள்விகள். அம்மாவின் பதிவு இப்படி ஓடியது:

“காக்கா எங்க போச்சு, சாமி?”

“போச்சு.”

“போச்சா? கூட்டுக்குப் போயிருக்கும். அங்க அதுக்குக் குஞ்சு இருக்குதல்ல?”

“குஞ்சு.”

“குஞ்சுக்குப் பசிக்குமல்ல? நீ ஒரு வாய் வாங்கிக்கோ, மிச்சத்தைக் குஞ்சுக்குப் போட்டரலாம்.”

குழந்தை தந்த ஒற்றைச் சொல்லை வாங்கி, அதற்கு ஒரு காரணத்தையும் ஓர் உயிரையும் கூட்டித் திருப்பித் தருகிற வேலையை அம்மா யோசிக்காமலே செய்துகொண்டிருந்தார். நாங்களோ ஒன்றரை ஆண்டாக, வீட்டில் அதிகம் பேசக்கூடிய அந்த ஒருவரின் வாயைக் கட்டிப்போட்டிருந்தோம்.

எந்த மொழி உயர்ந்தது, எது பின்னாளில் வேலை வாங்கித் தரும் என்பவற்றைவிட, எந்த மொழியை வீட்டுப் பெரியவர்கள் நாள் முழுவதும் நடத்த முடியும் என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கு அந்த இரு பதிவுகளே காரணம். வண்டி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் மாதாமாதப் பராமரிப்பையும் பார்க்கிறோம். மொழிக்கும் அந்தக் கணக்கு உண்டு. அலுவலக மின்னஞ்சலுக்குப் போதுமான என் ஆங்கிலம், இரவு எட்டரை மணிக்குக் களைத்த உடம்போடு ஒரு குழந்தையைக் கொஞ்சவும், கிண்டல் செய்யவும், பொய்க்கோபம் காட்டவும், ‘ஏன்’ என்ற கேள்விக்கு ஏழாவது முறையாக வேறொரு பதில் சொல்லவும் போதவில்லை. குற்றம் ஆங்கிலத்தினுடையது அன்று. அந்த மொழியிலேயே வளர்ந்த ஒரு தாய்க்கு இதெல்லாம் எளிதாக வரும். அமெரிக்காவின் தென் புளோரிடாவில் ஸ்பானிய மொழி பேசும் தாய்மார்களை ஆராய்ந்து எரிகா ஹோஃப் குழுவினர் 2020-இல் வெளியிட்ட கட்டுரையும், குழந்தையிடம் பேசும் பேச்சின் தரம், பேசுபவருக்கு அம்மொழியில் உள்ள தேர்ச்சியைப் பொறுத்தது என்றே சொல்கிறது.

சமையலறையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கீரையை ஆய்வார், வெங்காயத்தை அரிவார், தேங்காயைத் துருவுவார், மாவைக் கரைப்பார், பூண்டை நசுக்குவார். அருகில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அத்தனை வினைச்சொற்களும் கை அசைவோடு கிடைக்கும். என் ஆங்கிலத்தில் இவை எல்லாமே ‘கட்’ அல்லது ‘மிக்ஸ்’. மரியாதைப் பன்மையும் அப்படித்தான். கொங்கு வீட்டில் வளர்வதால் எதிர்வீட்டுப் பூனையைக்கூட அவள் “வாங்க” என்றுதான் கூப்பிடுகிறாள்; மரியாதையாகக் கூப்பிடும் பழக்கம், யாரும் சொல்லித் தராமலே அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. தமிழுக்கு மாறிய ஐந்தாவது வாரம், “அம்மாயி, காக்கா இல்ல” என்று என் அம்மாவிடம் சொன்னாள். தானாகவே வந்திருக்க வேண்டிய வயதுதான் என்பதால், முழுப் பெருமையையும் மொழி மாற்றத்துக்குத் தர நான் துணியவில்லை.

ஆளுக்கொரு மொழி என்ற ஏற்பாடு பழையது. பிரெஞ்சுக்காரரான ழூல் ரோன்ழா தம் மகனைப் பிரெஞ்சும் ஜெர்மனுமாக வளர்த்த கதையை 1913-லேயே நூலாக்கினார். அங்கே ஜெர்மன் பேசிய தாய்க்கு அது சொந்த மொழி. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை விசாரித்த அனிக் டெ ஹவுவர், இந்த முறையைக் கையாண்ட வீடுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் பிள்ளைகள் இரண்டாவது மொழியைப் பேசவில்லை என்று 2007-இல் எழுதினார். எங்கள் வீட்டில் அது தோற்றதற்குக் காரணம் மிகச் சாதாரணமானது: என் கணவர் மகளிடம் ஆங்கிலத்திலும் அடுத்த நொடியே என்னிடம் தமிழிலும் பேசினார், அப்பாவுக்குத் தமிழ் தெரியும் என்று கண்டுகொண்ட பிறகு அவள் ஏன் சிரமப்பட வேண்டும்? தாய் தமிழும் தந்தை மலையாளமுமாக இருக்கும் வீடுகளில் இது இயல்பாகவே நடக்கலாம். அத்தகைய வீட்டில் நான் வாழ்ந்ததில்லை.

தமிழ் வழிக்கும் விலை உண்டு. எல்.கே.ஜி.யின் முதல் இரண்டு மாதங்கள் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை. வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசும்படி ஆசிரியை நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார். தண்ணீர், கழிப்பறை, வயிற்றுவலி ஆகிய மூன்றுக்குமான ஆங்கில வாக்கியங்களைப் பள்ளி சேர்வதற்கு முன்பே கற்றுத் தராதது எங்கள் தவறு. ஒருநாள் சீருடையை நனைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் மாதத்திலிருந்து ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது. இப்போது வகுப்பில் நடந்ததை வீட்டில் ஒழுங்காக, ‘அதனால’, ‘இல்லாட்டி’ போட்டுச் சொல்கிறாள். ஆங்கிலத்தில் சொல்லும்போது சொற்கள்தாம் போதவில்லை. இரவில் கால்மணி நேரம் ஓர் ஆங்கிலப் படப்புத்தகம் வாசிக்கிறோம். படத்தைப் பற்றிய பேச்சு மட்டும் தமிழில் நடக்கிறது.

மேல்வகுப்புகளில் இது எப்படிப் போகும் என்று சொல்லும் அனுபவம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. பெரியவர்கள் இல்லாத வீட்டுக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்பதும் இனிமேல்தான் தெரியும். மூட்டுவலிக்காக அம்மா ஊருக்குப் போய்விட்டார். எட்டு மாதமான இளையவன் பகல் முழுவதும் குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறான். சேர்க்கப் போனபோது, தங்கள் ஊழியர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்று பொறுப்பாளர் பெருமையோடு சொன்னார். எங்கள் பையனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மட்டும் அவனிடம் தமிழிலேயே பேசட்டும், அவன் ‘ங்கா’ என்றால் திரும்பவும் ஏதாவது சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டு, அந்த அறையின் தொலைக்காட்சியையும் அணைத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.