எம்.எம்.ஜி. என்னும் மாக் இயந்திரத் துப்பாக்கி: சுமந்தவனின் மதிப்புரை

பேரையூர் அருகே எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில், படையில் சேர்வதற்காக விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர்களில் என் அண்ணன் மகனும் ஒருவன். “சித்தப்பா, இஸ்ரேலிலிருந்து நெகேவ் இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டதே, இனி நீங்கள் சுட்ட எம்.எம்.ஜி. எதற்கு?” என்று சென்ற வாரம் கேட்டான். காலாட்படையில் பல ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில், அவனுக்குச் சொன்ன பதிலை விரித்து எழுதுகிறேன்.

நம் படையினர் எம்.எம்.ஜி. (நடுத்தர இயந்திரத் துப்பாக்கி) என்று அழைப்பது, பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் எர்னஸ்ட் வெர்வியே வடிவமைத்து, 1958 முதல் உற்பத்தியாகி, இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் பயன்படும் மாக் துப்பாக்கியைத்தான். கான்பூர் ஆலையில் அது எம்.ஜி. 2ஏ1 என்ற பெயரில் உருவாகிறது. இருகாலில் ஊன்றினால் ஏறக்குறைய 800 மீட்டர், முக்காலியில் பொருத்தினால் 1800 மீட்டர் வரை பயன்தரும் என்பதால், முன்பு இரண்டு வகைத் துப்பாக்கிகள் செய்த வேலையை இது ஒன்றே செய்கிறது. நீர் ஊற்றிக் குளிர்வித்த பழைய விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியைத் தூக்கிய மூத்தவர்களுக்கு இது எத்தகைய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

இதன் வடிவமைப்பில் நான் மிகவும் மதிப்பது ஒரு தலைகீழ் மாற்றத்தை. அமெரிக்கரான பிரவுனிங் உருவாக்கிய பி.ஏ.ஆர். துப்பாக்கியில், சுடும் கணத்தில், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டைப் பூட்டும் நெம்பு மேல்நோக்கி எழுந்து உடற்கூட்டின் கூரையில் பதியும். தோட்டாக்கள் கீழிருக்கும் பெட்டியிலிருந்து வரும். வெர்வியே அந்த அமைப்பைக் கவிழ்த்து, பூட்டு கீழ்நோக்கி இறங்கி உடற்கூட்டின் அடிப்பகுதியில் பதியும்படி செய்தார். அதனால் மேற்புறம் முழுவதும் காலியாகியது. அந்த இடத்தில் ஜெர்மானிய எம்.ஜி. 42 இயந்திரத் துப்பாக்கியின் தோட்டா பெல்ட் ஊட்டும் அமைப்பு அமர்ந்தது. அந்த அமைப்பு பெல்ட்டை ஒரே வெட்டாக இழுக்காமல், போல்ட் முன்னே போகும்போது பாதியும் பின்னே வரும்போது பாதியுமாக நகர்த்துகிறது. தொங்கும் பெல்ட்டின் பாரம் இரண்டு பங்காகப் பிரிவதால் தடங்கல் குறைகிறது. வேறு வேறு நாட்டவரின் இரண்டு நல்ல யோசனைகள் ஒன்றையொன்று இடிக்காமல் இத்தனை இயல்பாகப் பொருந்திய இன்னொரு துப்பாக்கியை நான் கையாண்டதில்லை.

அடுத்தது, சுடும்போது எழுந்து துப்பாக்கியை இயக்கும் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் வாயுச் சீராக்கி. கிணற்று டீசல் எஞ்சினுக்கு கவர்னர் எப்படியோ, அப்படி இது சுடும் வேகத்தை நிமிடத்துக்கு 650 முதல் 1000 தோட்டாக்கள் வரை மாற்ற உதவுகிறது. கரி படிந்து இயக்கம் தளரும்போது ஒரு படி கூட்டிச் சண்டையைத் தொடரலாம். துடைக்கப் பின்னர் நேரம் கிடைக்கும். குழலையோ, கைப்பிடியைப் பற்றித் திருப்பிச் சில நொடிகளில் கழற்றிவிடலாம். நிமிடத்துக்கு 200 தோட்டாக்கள் சுடும்போது 2 நிமிடங்களுக்கு ஒருமுறை குழலை மாற்ற வேண்டும் என்பது அமெரிக்கப் படையின் விதி. எனவே மாற்றுக்குழலைச் சுமக்கும் நம்பர் டூ, சுடுபவனுக்கு இணையானவன்.

குறை எடைதான். துப்பாக்கி ஏறக்குறைய 11.8 கிலோ, முக்காலி 10 கிலோவுக்கு மேல், 100 தோட்டாக்கள் கொண்ட பெல்ட் ஒவ்வொன்றும் சுமார் 3 கிலோ. ரஷ்யாவின் பி.கே.எம். 7.5 கிலோவில் இதே வகை வேலையைச் செய்கிறது என்பதை மலையேறும் எவனும் மறக்க மாட்டான். ஆனால் கனத்த உடற்கூடு நெடுங்காலம் உழைக்கிறது, முக்காலியில் அசையாமல் நிற்கிறது.

வகைகளில், பீரங்கி வண்டிக்குள் பொருத்துவதற்கான வடிவத்தில் தோள்கட்டையும் இருகாலும் இராது. ஹெலிகாப்டர் வாசலுக்கு உரியதில் இரட்டைக் கைப்பிடிகள் உண்டு. ஸ்வீடன் தொடக்கத்தில் 6.5 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்றபடி செய்துகொண்டது. பிரிட்டன் எல்7 என்று பெயரிட்டது. அமெரிக்கா 1977-இல் எம்240 என்ற பெயரில் பீரங்கி வண்டிகளுக்கு மட்டுமே ஏற்றது. அங்கே அது காட்டிய நம்பகத்தன்மையே பின்னர் அந்நாட்டின் எம்60 இயந்திரத் துப்பாக்கியை ஓரங்கட்டி இதைக் காலாட்படையின் தோளுக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் எம்240பி 12.5 கிலோ எடையுள்ளது. டைட்டானிய உடற்கூடு கொண்ட எம்240எல் 10.1 கிலோதான்.

இனி என் அண்ணன் மகனின் கேள்வி. 2020-இல் 16,479 எண்ணிக்கைக்கு ஒப்பந்தமான 7.62 மி.மீ. நெகேவ் சுமார் 8 கிலோ எடையுடையது. சிறு காலாட்குழுவான செக்‌ஷனோடு ஓடிக்கொண்டே சுடுபவனுக்கு அதுவே ஏற்றது. இரவெல்லாம் ஒரே கோட்டில் தொலைவிலுள்ள மேட்டை அடக்கி வைக்க வேண்டுமானால், முக்காலியில் நிற்கும் எம்.எம்.ஜி.யைத்தான் நான் கேட்பேன். டைட்டானிய உடற்கூட்டோடு அது நம் பையன்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.