ரோலை 35: வாங்கலாமா என்று கேட்டால்

சிங்கப்பூரில் தயாரான ரோலை 35 என்ற பழைய ஃபிலிம் கேமரா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னிடம் இருப்பதும் அதே ரகம்தான். சுங்கை ரோடு சந்தையை 2017இல் மூடுவதற்கு முன்பு, பழைய கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்ததைப் பேரம் பேசி எடுத்தேன்.

என் புலம்பல் முழுக்க பேட்டரியைப் பற்றித்தான். அது கேமராவின் உள்ளே இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் பின்மூடியை மொத்தமாக உருவ வேண்டும்; பாதியில் உருவினால் உள்ளிருக்கும் ஃபிலிமில் வெளிச்சம் பட்டுப் பாழாகும். தைப்பூசத்தன்று டேங்க் ரோட்டில் காவடி வந்துகொண்டிருக்கும்போது வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் படுத்துவிட்டால், ஃபிலிம் தீரும்வரை வெளிச்சத்தைக் குத்துமதிப்பாகத்தான் கணக்குப் போட வேண்டும். மீட்டரை அணைக்க சுவிட்சும் கிடையாது. வெளிச்சம் பட்டால் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் எப்போதும் உறைக்குள்தான் வாசம். இவ்வளவு யோசித்துச் செய்த பெட்டியில் இதை மட்டும் எப்படி விட்டார்கள்? அதற்கென்று இருந்த 1.35 வோல்ட் பாதரச பேட்டரியும் இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான ஸிங்க் ஏர் பேட்டரியை அடாப்டரில் வைத்து ஓட்டுகிறேன். அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்துவிட்டால், படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது தீர்ந்துபோகும்.

லென்ஸைக் கடையில் பார்க்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். என்னுடையதில் முன்கண்ணாடியின் உட்புறம் வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடியிருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு அது சகஜம். பழுதுபார்ப்பவர் கழற்றித் துடைத்தார். பூஞ்சை போனது, கண்ணாடி மேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அது அரித்த தடம் போகவில்லை. சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் லேசாக வெளிறும், மற்றபடி டெஸார் லென்ஸின் கூர்மையில் குறையே இல்லை. ஷட்டர் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. கோயிலுக்குள் இதைவிட வேறென்ன வேண்டும்!

இனி விலை. 1966இல் ஜெர்மனியில் வந்த கேமராவைத்தான் எழுபதுகளில் இங்கே செய்தார்கள், 1981இல் ஆலை மூடும்வரை. வடிவமைப்பு ஒன்றுதான். ஆனாலும் சேகரிப்பவர்கள் ஜெர்மன் பெட்டிக்குத்தான் கூடுதல் விலை தருவார்கள். மதிப்புப் பார்க்கக் கொண்டுபோனபோது, மேல்தகட்டில் சிங்கப்பூர் என்று இருப்பதைக் காட்டியே ஒரு கடைக்காரர் விலையைக் குறைத்தார். அதுவும் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு!

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். இன்றைக்கும் முள் அசையவில்லை, அந்த எரிச்சலில் சொல்கிறேன். அப்புறம், அதன் கண்ணாடி சுத்தமாக இருந்தால் விற்பவரின் எண்ணை எனக்கு அனுப்புங்கள்.